இருபத்திரண்டாவது வருகை

நாஜி அமைச்சர் ஒருவரிடம் தட்டச்சராக இருந்தவள் இர்ம்கார்ட். போர் முடிந்த வாரத்தில் அமைச்சர் தலைமறைவானார். எங்கே போனார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். விசாரணை அதிகாரி வெபர் ஆண்டுக்கொரு முறை வந்து கேட்பார். "தெரியாது" என்பாள். அவளைத் தேடி வேறு யாரும் வருவதில்லை.

இருபத்திரண்டாம் ஆண்டு வெபர் எதுவும் கேட்காமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"வழக்கை மூடிட்டாங்கம்மா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"அப்போ அடுத்த வருஷம்?"

"வர வேண்டியதில்ல."

அவர் தொப்பியை எடுத்தார். இர்ம்கார்ட் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உட்காருங்க, சொல்றேன்."

அமைச்சர் ஒருநாளும் கால்வைத்திராத ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். வெபர் மெல்ல உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். அவள் இன்னொரு கோப்பைக் காப்பி ஊற்றினாள்.