ஹெப்சிபா சொன்ன சாட்சி

“கடைசியா ஒரே ஒரு கேள்விதான் டாக்டர். இந்தக் கண்டுபிடிப்பப் பத்தி வெளியாள் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

தண்டாயுதபாணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பல்கலைக்கழக ஆராய்ச்சிகளைக் கம்பெனிகளுக்குக் கைமாற்றிவிடும் அலுவலகத்தின் அதிகாரி அவர். கையெழுத்து வாங்க டாக்டர் செல்வினின் கொடைக்கானல் வீட்டுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்நேரம் ஏரியில் படகில் இருந்தார்கள்.

“பெத்த அம்மாகிட்டயே முழுசாச் சொல்லல சார்” என்றான் செல்வின்.

அம்மா ஹெப்சிபா காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

“ஏலே, நான் ஒண்ணு சொல்லணும்.”

“இது ஆபீஸ் சோலிம்மா. அப்புறம் சொல்லு.”

அது அவனுடைய ஆறு வருட உழைப்பு. இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொடியைக் கரைத்துப் பேரிக்காய்மேல் பூசினால் காய் சீக்கிரம் கெடாது. மதுரை ஆய்வகத்தில் இருபது நாள் தாங்கியது. கம்பெனி உதட்டைப் பிதுக்கியது. சரி, காய் விளைகிற இடத்திலேயே சோதித்துப் பார்ப்போம் என்று கரைசல் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்து, இரண்டு கூடைப் பேரிக்காய்க்குப் பூசச் சொன்னான். நாற்பதாம் நாள் வந்த கம்பெனிக்காரர் ஒரு காயைக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் கேட்டார். மலைக் குளிரில் கரைசல் கூடுதலாக வேலை செய்கிறது என்று செல்வின் எட்டுப் பக்கம் எழுதினான். நாளைக் காலை ஒப்பந்தம்.

“ஏன் சார், வெளிய சொல்லியிருந்தா என்ன?” ஹெப்சிபா அதிகாரியையே கேட்டாள்.

“பேடன்ட் கிடைக்காதும்மா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம் யாருக்கும் சொந்தமில்ல. பேடன்ட் இல்லேன்னா கம்பெனி வராது. டாக்டரோட ஆறு வருஷம் அம்போ.”

ஹெப்சிபா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

“கர்த்தர்கிட்ட சொல்லியிருந்தா?”

“அது பரவால்ல. அவரு போட்டிக்கு வரமாட்டாரு.”

“சபையில வச்சுச் சொன்னேன் சார்.”

தண்டாயுதபாணி பேனாவை மூடினார்.

“எத்தனை பேரு இருந்தாங்க?”

“அறுப்பின் பண்டிகை பாருங்க, ஒரு முந்நூறு பேரு இருப்பாக. பாஸ்டர், கர்த்தர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்ல வாங்கன்னு மைக்கக் கையில குடுத்துட்டாரு. முப்பது வருசம் ஸ்கூல் ஹாஸ்டல் கிச்சன நடத்துனவ நானு. செய்முறைன்னு வாயத் தொறந்தா அளவு சொல்லாம நிறுத்த வருமா?”

“அளவும் சொன்னியா?” செல்வின் எழுந்தே விட்டான்.

“யூடியூப்ல கெடக்கு. நீயே பாத்துக்க.”

சன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து நின்றது. என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுபோல் அதுவும் நகராமல் நின்றது. காப்பியில் ஏடு படிந்தது.

“அது மட்டும் இல்லலே. இன்னொண்ணும்...”

“போதும்மா! இன்னும் ஒரு வார்த்த பேசுன, நான் அப்படியே காட்டு வழியா வெள்ளகவி ஊருக்கு எறங்கிப் போயிருவேன்.”

செல்வின் கைப்பேசியில் தேடினான். கிடைத்தது. வெள்ளைச் சேலையில் ஹெப்சிபா மைக்கை இறுகப் பிடித்திருந்தாள்.

“என் மகன் செல்வினுக்காக ஸ்தோத்திரம்! ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு கரண்டி ஜவ்வரிசி. துணிக்குப் போடுற கஞ்சிப் பதம். நெல்லிக்காயளவு தேன்மெழுகு. எறக்குனப்பொறவு யூகலிப்டஸ் தைலம் ரெண்டே சொட்டு. மூணாவது சொட்டு விட்டீங்க, காய் மூக்கடைப்புக்குத்தான் ஆகும். நாப்பது நாள் பேரிக்கா கெடல!”

சபை அல்லேலூயா சொன்னது.

செல்வின் வாயைத் திறந்தான். அழப்போகிறான் என்றுதான் தண்டாயுதபாணி நினைத்தார். அவன் சிரித்தான். நாற்காலியில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“சார், இதுல ஒண்ணுகூட சரியில்ல சார்! இறாலே இல்ல! ஜவ்வரிசியாம், தைலமாம்!”

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. “நல்லவேளை. நாம ஒண்ணும் பாயசத்துக்குப் பேடன்ட் கேக்கலையே!”

வெளியில் சொல்லப்பட்டதா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி, ஏழு இடங்களில் கையெழுத்து வாங்கினார். படகுக்காரன் கொடுத்த நேரம் முடிந்துகொண்டிருந்ததால் எல்லாமே வெரசாக நடந்தது.

“சார், அந்தக் கஞ்சி வந்து...” ஹெப்சிபா வாசல்வரை பின்னாலேயே போனாள்.

“கவலையே படாதீங்கம்மா. நீங்க சொன்னதுல துளி உண்மை இருந்திருந்தாத்தான் ஆபத்து.”

தண்டாயுதபாணிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. செல்வினுக்குக் காப்புரிமை கிடைத்தது. கம்பெனி இறால் ஓட்டுக் கரைசலை அழகான புட்டியில் அடைத்து விற்றது. மதுரையில் பூசினாலும் மலையில் பூசினாலும் இருபதாம் நாள் காய் கறுத்தது. ஒரே பருவத்தோடு நிறுத்திவிட்டார்கள். செல்வின் இப்போது மலைக் குளிருக்கு என்ன ஆயிற்று என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறான். பக்கத்து மலையூர்களான பள்ளங்கியிலும் பேத்துப்பாறையிலும் பேரிமரம் வைத்திருப்பவர்கள் சபையின் வீடியோவைப் பார்த்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் கஞ்சி காய்ச்சிப் பூசுகிறார்கள்.

பாட்டிலைக் கைதவறிக் கொட்டிவிட்டு, மகன் கத்துவானே என்று பயந்து, அந்த இரண்டு கூடைக்கும் தன் கஞ்சியையே பூசிவைத்த ஹெப்சிபா, அதை அவனிடம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.