காற்று பார்த்த கங்காணி

முதுகில் துணி இறக்கையைக் கட்டிக்கொண்டு, மலை உச்சியிலிருந்து குதிக்கத் துடித்தார் எஸ்டேட் மேனேஜர் டொனால்ட் துரை. கங்காணி இராமையா விடவில்லை.

"காத்து சரியில்லைங்க துரை, கொஞ்சம் பொறுங்க."

மடியிலிருந்த தேயிலைத் தூளைத் தூவித் தூவிப் பார்த்தார். தூள் தெற்கே பறந்ததும், "இப்ப குதிங்க!" என்றார்.

"என் மேல எவ்வளவு அக்கறை, கங்காணி!" என்று நெகிழ்ந்தபடியே துரை பறந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் கைதட்டி வழியனுப்ப, இறக்கை மலைக்கு அப்பால் மறைந்தது.

"முன்ன அடிச்ச காத்துக்கு ஆபீஸ் வாசல்லயே இறங்கியிருப்பாரே?" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான வேலம்மா.

"அதனாலதானே நிறுத்தினேன்! இனி மலைக்குக் கீழே ரிங்லெட் ஊர்ல இறங்கி, ரெக்கையைச் சுமந்துகிட்டு ஏறி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். கூடையை இறக்குங்க லா, தானா ராத்தா டவுன் கொட்டகையில மத்தியானப் படத்தைப் புடிச்சிடலாம்!"