கோணல் குறிமுள்

துப்பாக்கிச் சங்கத்துக்கு ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் செய்து தரும் வேலை அவள் பட்டறைக்கு வருவதாக இருந்தது. மாதிரிக்கு அவள் கணவனின் ரைஃபிளையே கேட்டார் சங்கத்தின் சோதகர். அவள் கையால் செய்தது. எந்தப் போட்டியிலும் குறி தப்பாதது.

அதை வைஸில் அசையாமல் இறுக்கி, பலகையின் நடுவுக்கு நேர்வைத்துச் சுட்டார். தோட்டா இரண்டு விரற்கடை வலப்பக்கம் பாய்ந்தது. மறுபடி சுட்டார். அங்கேயேதான்.

"என்னம்மா இது? குழல் முனையில குறி பாக்குற குறிமுள்ளையே கோணலா பத்தவச்சிருக்கீங்க. ஒரே குண்டு போடுற துப்பாக்கி, முதல் குண்டே தப்பினா அப்புறம் என்ன இருக்கு?"

அவள் தயங்கினாள். கணவன் முந்திக்கொண்டான்.

"பாத்துக்கங்க சார்! இந்தக் கோணல வச்சுக்கிட்டுத்தான் இத்தன கோப்பை வாங்கியிருக்கேன். கை அப்படி!"

"பெரிய ஆளுதான் நீங்க!" என்று அவன் முதுகில் தட்டிய சோதகர் அவள் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. வேலைய வேற பட்டறைக்குத்தான் குடுக்கணும்."

அவர் போனதும் கணவன் ரைஃபிளை அவள் முன்னால் போட்டான்.

"மானத்த வாங்கிட்டியேடி. நாளைக்குப் போட்டி. நேரா பத்தவச்சுத் தொலை."

விசையை இழுக்கும்போது அவன் கை இடப்பக்கம் வெட்டும். பல வருஷமாகவே அப்படித்தான். சொன்னால் ஒடிந்துபோவான் என்று, அந்த வெட்டுக்கு ஏற்றபடி குறிமுள்ளை அளந்து கோணலாக வைத்தவள் அவள்.

"நேராவே வச்சிடவா?"

"பின்னே? இதுக்கும் பாடம் எடுக்கணுமா?"

"வேணாங்க" என்று குறிமுள்ளை நேராக்கக் கேஸ் டார்ச்சைக் கொளுத்தினாள்.