எட்டாவது அனுவாகம்

"இவங்க ருத்ரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் துணி துவைச்சு, காயப்போட்டு, மடிச்சே வெச்சிடுவேன்."

லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு பெண் யாரிடமோ சொன்னது பல் டாக்டரின் காதில் விழுந்தது.

சுருக்கென்றது. யாரால் இந்தப் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். வக்கீலால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் வக்கீலும் இன்னும் சிலரும் குடியிருப்பின் பொது ஹாலில் கூடி அந்தச் சிவ மந்திரத்தைச் சொல்வார்கள். முன்னால் உட்கார்ந்து நடத்துவது டீச்சர். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தவர். "நாங்க நடத்தறோம், நீங்க சும்மா கேளுங்க" என்று சொன்ன தம்பியோடு இன்னும் பேச்சில்லை.

டீச்சருக்கு ஒரே விதி. ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் நிறுத்தலாம்.

வக்கீல் தப்பாகச் சொல்வார். ருத்ரத்தின் பதினொரு பகுதிகளில் எட்டாவது அனுவாகம் தொடங்கும்போது வரும் ஒரு சொல், ஐந்தாவதிலும் உண்டு. அங்கே வழுக்கி, கணீரென்று ஐந்தாவதுக்கே போய்விடுவார். வாராவாரம்.

டீச்சர் கையை உயர்த்துவார். கண்ணாடியைக் கழற்றுவார். மூச்சை இழுத்து விட்டபடி நிதானமாகத் துடைப்பார். வக்கீலை ஆசைதீர முறைப்பார். அப்புறம்தான், "ம்... எட்டு. மறுபடியும்."

அன்று வக்கீலைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தாள் பல் டாக்டர்.

"சார், அடுத்த வாரம் பக்கத்துக் குடியிருப்புக்காரங்க கேட்க வர்றாங்க."

"தெரியுமே."

"சட்டமெல்லாம் தலைகீழா ஒப்பிக்கறீங்க. இந்த ஒரு இடம் மட்டும் எப்படி சார் மறந்துபோகுது?"

"கோர்ட்ல நான் தப்பு பண்ணினா எதிர்த்தரப்பு வக்கீல் உடனே பிடிச்சுடுவாரும்மா, அதான் அங்க மறக்கறதில்ல."

"விளையாடாதீங்க சார். அந்த ஒரு நாள் மட்டும்... நீங்க வராம இருந்தா..."

வக்கீலின் சிரிப்பு நின்றது.

"சரிம்மா, வரல. ஆனா நீங்க டீச்சர் பக்கத்துல உட்காரணும். தள்ளி உட்காராதீங்க."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காரியம் முடிந்தால் சரி.

அடுத்த ஞாயிறு. ஹாலில் நாற்காலி போதவில்லை. எல்லோர் குரலும் ஒரே குரலாகச் சேர்ந்து ஓடியது. ஐந்து, ஆறு, ஏழு. ஒரு பிசிறில்லை. பல் டாக்டருக்குத் தலை தானாக நிமிர்ந்தது. முன்வரிசையில், துணி துவைத்து மடித்துவிடுவேன் என்ற அதே பெண் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழு முடியும்போது பக்கத்தில் ஏதோ குறைந்தது.

திரும்பினாள்.

டீச்சரின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை; மூச்சு எட்டவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை, வக்கீல் வழக்கமாக உட்காரும் பக்கம் பார்த்து, உயர்வதற்குத் தயாராக மடிமேல் காத்திருந்தது.

வந்தவர்கள் யாரும் இன்னும் கவனிக்கவில்லை. எட்டு தொடங்கிவிட்டது. அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் குரலை உயர்த்தி, ஹால் முழுக்கக் கேட்கும்படி, கணீரென்று ஐந்தாவது அனுவாகத்துக்குப் போனாள்.