சரக்குப் பெட்டி விளக்கு

"இவனைத் தவிர வேற யாரும்மா இருக்க முடியும்? பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு பொறுத்துக்கிட்டு இருக்கேன். இல்லேன்னா என்னிக்கோ விரட்டி விட்டிருப்பேன்!"

டிரைவர் போட்ட சத்தத்தில் மரப் பட்டறையே ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

எலக்ட்ரீஷியன் அக்காவுக்கு இது பழகிப்போன ஒன்று. வண்டி நின்றுபோனால் ஆட்கள் முதலில் கூட இருப்பவனைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள்.

அவளை வரச் சொன்னது பட்டறைக்காரர். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பெஞ்சுகள் மூன்று நாளாக லாரியிலேயே கிடந்தன. சார்ஜ் ஏற்றிச் சாயங்காலம் பேட்டரியை மாட்டினாலும், தினமும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரி பழசா?"

"புதுசும்மா. போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை. கிழட்டு வண்டி, அதை என்ன சொல்றது!"

டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் துடைத்தாள். கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். "டைனமோ மேல குத்தம் இல்லை. நல்லாவே சார்ஜ் ஏறுது. ஆஃப் பண்ணுங்க."

சாவியை எடுத்த பிறகு மறுபடி மீட்டரை மாட்டினாள். முள் கீழே இறங்கவில்லை.

"நின்ன வண்டியில கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கு. எதுவோ குடிக்குது."

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நாலாவதைப் பிடுங்கியதும் முள் விழுந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு, பின்னால் போய்ச் சரக்குப் பெட்டியின் கதவைத் திறந்தாள்.

பெஞ்சுகளுக்கு மேலே பட்டப்பகலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கதவைச் சாத்திட்டா வெளியே தெரியாது. பொழுதன்னிக்கும் எரிஞ்சா எந்த பேட்டரி தாங்கும்? இதோட சுவிட்ச் எங்கே இருக்கு?"

"டிரைவர் சீட்டுக்குக் கீழே," என்றான் பக்கத்தில் நின்ற மச்சான்.

"பார்த்தியாம்மா! ராஸ்கல்... சரக்கு ஏத்துறவன் இவன், விளக்கு போடறவன் இவன். டேய், நீதானே அணைக்காமப் போனே?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா மாமா. நான்தான். மறந்துட்டேன்."

"மூணு நாளுமா மறந்தே?"

"ஆமா மாமா."

எலக்ட்ரீஷியனுக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சுவிட்சை அணைக்காமல் ஒரு ஊரையே காக்க வைத்திருக்கிறானே!

"நீ பண்ணின கூத்துக்கு நான் எதுக்கு வெயில்ல லோல்படணும்?" டிரைவர் சாவியை அவன் மேல் விட்டெறிந்தார். "இன்னிக்கு நீயே ஓட்டு. நாளைக்கும் நீயே ஓட்டு. அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்."

சொல்லிவிட்டுச் சுற்றி வந்து இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கதவை அறைந்து சாத்தினார்.

மச்சான் அவளுடைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டர் வரைக்கும் வந்தான்.

"லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளு. இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கலாமா தம்பி?"

"நான் சாயங்காலம் அணைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், அக்கா. மாமா திரும்பி வந்து போட்டுட்டுப் போவார். நேத்து என் கண்ணாலேயே பார்த்தேன்."

அவள் கை கேபிளைச் சுற்றுவதை நிறுத்தியது. "அவரா? எதுக்கு?"

"போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு சைக்கிளோட குறுக்கே வந்துருச்சு. ஒரு முழம் தள்ளி வண்டி நின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னையிலேர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சா மாமாவுக்குக் கை நடுங்குது. முப்பது வருஷம் ஓட்டினவர். பயமா இருக்குன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவார்? எங்க அக்காகிட்டகூடச் சொல்லலை."

"அதுக்காகச் செய்யாத தப்பை உன் தலையில போட்டுக்குவியா?"

லாரியிலிருந்து ஹார்ன் அடித்தது. "எவ்வளவு நேரம்டா!"

"வந்துட்டேன் மாமா!" என்று குரல் கொடுத்தவன், அவள் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"தப்பு என்னோடதா இருந்தாத்தானே அக்கா, சாவியை என்கிட்ட கொடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்?"