முகம் தெரியாத படம்

மாலை வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து கணினித் திரையில் விழுகிறது. நாளிதழுக்குப் பக்கம் வடிவமைப்பவள் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். ‘போதையில் சீரழியும் பள்ளிப் பிள்ளைகள்’ என்ற தலைப்பு கொட்டை எழுத்தில் உட்கார்ந்துவிட்டது. அதன் கீழே படத்துக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. “பழைய படம் ஏதாவது போடும்மா. முதுகுதானே, யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?” என்கிறார் செய்தி ஆசிரியர், டீயை உறிஞ்சியபடி. பள்ளிவிட்டுக் கைகோத்துப் போகும் இரண்டு சிறுமிகளின் முதுகுப் படத்தை இழுத்து வைத்துப் பெரிதாக்குகிறாள். கை அப்படியே நின்றுவிடுகிறது. இடப்பக்கத்துப் பிள்ளையின் நீலப் பையில் மஞ்சள் நூல் தையல். நீல நூல் கிடைக்காத அவசரத்தில் மகளுக்கு அவளே போட்டுக்கொடுத்த தையல். எத்தனையோ முதுகுகளை இப்படி ஒட்டியிருக்கிறாள், ஒருநாளும் யார் பிள்ளை என்று பார்த்ததில்லை.

“ஆச்சாம்மா? பிரஸ்ல கத்துறாங்க.”

“இதோ, முடிஞ்சிருச்சு சார்.”

படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறாள். மகளின் ஜடை மறைகிறது, பை மறைகிறது, மஞ்சள் நூலும் மறைகிறது. மிஞ்சிய சிறுமி தலைப்புக்கு நேர் கீழே, கட்டம் நிறைய வளர்ந்து நிற்கிறாள். ஆசிரியர் குனிந்து பார்க்கிறார். “அட, இப்பதான் எடுப்பா இருக்கு. அனுப்பிடு.” அவள் அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைக்கிறாள். திரையில், அந்தச் சிறுமியின் உள்ளங்கைக்குள், மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு சின்னக் கை விடாமல் பிடித்திருக்கிறது.