துக்க வீட்டுக் கண்ணாடி

இஸ்ரேலின் நெதன்யா நகரில் அந்தத் துக்க வீட்டில், யூத வழக்கப்படி எல்லாக் கண்ணாடிகளையும் துணியால் மூடியிருந்தார்கள். ஒஸ்னத் ஒரு துணியை இழுத்தெறிந்துவிட்டு லிப்ஸ்டிக் பூசினாள்.

"எம்புள்ளையப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள சிங்காரமாடி?" மாமியார் மசால் கத்தினாள்.

"ஆமா."

"ஆஸ்பத்திரியில கிடந்தானே, எட்டியாவது பார்த்தியா?"

"இல்ல."

"நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

ஒஸ்னத் சட்டென்று திரும்பினாள்.

"இந்தப் பொண்டாட்டிப் பட்டம் வேணாம்னுதானே வருஷக்கணக்கா மதகுருமாருங்க, அந்த ரப்பிகள் கோர்ட்டுல கெஞ்சினேன்? புருஷன் தன் கையால விலக்குப் பத்திரம் குடுத்தாத்தான் விடுதலைன்னாங்க. 'உன் உசுரு இருக்கிறவரைக்கும் குடுக்காதடா'ன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

மசால் குனிந்து, கீழே கிடந்த துணியை எடுத்தாள்.

"நல்ல புள்ள அத்தை. கடைசிவரைக்கும் உங்க பேச்சைத் தட்டவே இல்ல."